சயான் படிக்கட்டுக் களவாணி

பேராச்சியைக் குளிப்பாட்ட முந்தானை முடிச்சை அவிழ்த்ததுதான் தாமதம், பொட்டலம் உடைந்து மிளகாய்ப் பொடி பறந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஒப்பாரியை விட்டுவிட்டுத் தும்மத் தொடங்கினார்கள். மகள் மாரிசெல்விக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. செத்தும் அம்மா யாரையும் கிட்டே அண்டவிடவில்லை.

மும்பை காட்கோபரில் துணிக்கடை வேலை முடிந்து, மாரிசெல்வி சயானில் வந்து இறங்கும்போது இருட்டியிருக்கும். அம்மா தாராவியிலிருந்து நடந்து வந்து ஸ்டேஷன் படிக்கட்டில் காத்து நிற்பாள். டிவியில் காட்டும் கொலை, கொள்ளை எல்லாம் அந்தப் படிக்கட்டில்தான் நடக்கப்போகிறது என்று அவளுக்கு நினைப்பு. அதற்குத்தான் முந்தானையில் மிளகாய்ப் பொடி. ஆனாலும் வேலையை விடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நேற்றும் ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சேலை கட்டியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

குளிப்பாட்டி, சந்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பேராச்சியின் தம்பி மாரீஸ்வரன் மாரிசெல்வியிடம் சொன்னார்:

"அக்காவே போயிட்டா. இனிமே உன்னய யாரு கூட்டியாருவா? வேலைய விட்டுரு தாயி. காலம் கெட்டுக் கெடக்கு."

"எனக்குப் பிடிச்ச வேலை மாமா."

"பிடிச்சா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மாரிசெல்வி அம்மாவின் சேலையை இழுத்துச் சரிசெய்தாள்.

அப்போது மாலையோடு ஒருவர் வந்தார். நீலச் சட்டை, முறுக்கு மீசை. மாரிசெல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் களவாணி! இரண்டு வருஷமாகத் தினமும் படிக்கட்டில் நிற்கிற ஆள். இந்திக்காரன், தமிழ் புரியாது என்ற தைரியத்தில் அம்மா அவரை நேருக்கு நேராகவே ஏசுவாள். "முழியப் பாரு, கோழி திருடுற முழி!"

அவர் மாலையைச் சாத்திக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். "எம்பேரு கோமதிநாயகம். சங்கரன்கோயில் பக்கம். நேத்து இவுகள அங்க காணல. மனசு கேக்காம விசாரிச்சு வந்தேன்."

"அய்யோ, அப்ப அம்மா ஏசுனதெல்லாம்..."

"ஒண்ணு விடாமப் புரிஞ்சுது தாயி. எம் மக விஜயலட்சுமியும் அதே ரயில்லதான் வாரா. அவளக் கூட்டியாரத்தான் நிப்பேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏசுறத நிறுத்திருவாகளே. எங்க வீட்டுக்காரி போன பொறவு என்னய நம்ம பேச்சுல ஏச ஆளு ஏது?" என்றவர் மாமாவிடம் திரும்பினார். "ரெண்டு புள்ளையளையும் நானே கூட்டியாரேன் அண்ணாச்சி."

"முன்னப்பின்னத் தெரியாத ஆள நம்பியா?" என்றார் மாமா.

"அம்மாவுக்கு நல்லாத் தெரியும் மாமா," என்றாள் மாரிசெல்வி. "ரெண்டு வருசமா கண்ணெடுக்காமப் பாத்திருக்கா."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்தார். சந்து முனையில் சுடுகாட்டு வண்டி ஹாரன் அடித்தது. வழி காட்ட எழுந்த கோமதிநாயகம், குவிந்து கிடந்த செருப்புகளில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

மாரிசெல்வியின் தொண்டையிலிருந்து அவளே எதிர்பாராத குரல் கிளம்பியது.

"வே களவாணி! எங்க மாமா செருப்பப் போட்டுக்கிட்டு எங்க போறீரு?"

ஒப்பாரி வைத்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியே எங்க அக்கா வாயி," என்றார் மாமா. "இவளப் போயி எவன் அண்டுவான்!"

கோமதிநாயகம் திரும்பி வந்து, புதுச் செருப்பைக் கழற்றி மாமாவின் முன்னால் வைத்தார். தன்னுடைய தேய்ந்த ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஆனால் உடனே போகவில்லை. இன்னும் ஏதாவது ஏசுவாளா என்று பார்ப்பவரைப் போல, மாரிசெல்வியின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார்.