நயினார் ஆபீஸில் எறும்புக் குடித்தனம்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று போன் வந்தால் செழியன் முதலில் பிளக்கைத்தான் பார்ப்பான். பெரும்பாலும் யாராவது செல்போனுக்கு சார்ஜ் போட அதைப் பிடுங்கியிருப்பார்கள். வேங்கிக்காலில் விருசபதாச நயினாரின் பத்திரம் எழுதும் ஆபீஸில் பிளக் சரியாகவே இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தவன் உடனே மூடினான். மறுபடி திறந்தான். உள்ளே பிள்ளையார் எறும்புகள் ஓர் ஊரையே அமைத்துக் குடியிருந்தன.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. நயினார் தினமும் ஆபீஸைத் திறந்ததும் எறும்புகளுக்கென்று ஒரு பிடி ரவை தூவுவார். வாசலில் தூவினால் வருகிறவர்கள் மிதித்துவிடுகிறார்கள் என்று, யாரும் கால் வைக்காத இடமாகப் பார்த்து, மேஜைக்கு அடியில் பெட்டியை ஒட்டித் தூவ ஆரம்பித்திருந்தார். பக்கத்திலேயே சாப்பாடு, பெட்டிக்குள் கதகதப்பு. எறும்புகள் வேறென்ன செய்யும்?

செழியன் தூசி ஊதும் ப்ளோயரைப் பையிலிருந்து எடுத்தான். நயினார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுகூட சாகக்கூடாது."

"ஊதினா வெளிய போய் விழுந்துடும் ஐயா. அவ்ளோதான்."

"உன்ன ஊதினா நீ எங்க போய் விழுவ?"

அடி அண்ணாமலையில் அவன் வீட்டு வாசலிலேயே போய் விழுவான், பெட்ரோல் செலவு மிச்சம் என்றாள், அங்கே டைப் அடிக்கும் சரசு.

பத்திரங்களுக்காக என்றால் நயினார் ஒரு வாரம்கூடப் பொறுத்திருப்பார். ஆனால் மறுநாளோடு அவர் மனைவி பொன்னம்மா போய் ஒரு வருடம். கூடத்தில் படம் மாட்ட வேண்டும். மகள் சுருதி ஏதோ கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் ஏற்றிவிட்ட வெளுப்பில் அதில் பொன்னம்மா யாரோ மாதிரி இருந்தாள். நயினார் தன் கையாலேயே எடுத்த நல்ல படம் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது. எடுத்த போன் கிணற்றோடு போய்விட்டது. மறுநாள் பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் வண்டி நுழையாது. இன்று சாயங்காலத்துக்குள் அச்சுக்குக் கொடுக்காவிட்டால் அந்த வெளுப்புப் பொன்னம்மாவோடுதான் அவர் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினால் படம் வந்துவிடும் என்றான் செழியன். ஆனால் எறும்புகள் தங்கள் முட்டைகளை அதன் அடியில்தான் அடுக்கியிருந்தன. அசைத்தால் நசுங்கும்.

கடைசியில் வழி சொன்னவனும் அவன்தான். முட்டையில் வெளிச்சம் பட்டால் எறும்புகள் இருட்டைத் தேடித் தூக்கிக்கொண்டு ஓடும். வீட்டில் ஓடு பிரித்தபோது பார்த்திருக்கிறான். பெட்டியை அலுங்காமல் வாசலுக்குத் தூக்கிப்போய், வெயில் படும்படி திறந்து வைத்தார்கள். பக்கத்தில் ஈரமண்ணும் ரவையும் போட்ட ஒரு பானையைச் சாய்த்து வைத்து, நடுவே அட்டையால் பாலம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் கிளம்பியது.

செழியனின் முதலாளி போன் செய்து, இவ்வளவு நேரம் அங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"டேட்டா டிரான்ஸ்பர் போயிட்டிருக்கு சார். ஸ்பீடு கம்மி."

நயினார் பாலத்தருகே குந்திக்கொண்டு காவல் இருந்தார். வழியில் முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிய ஓர் எறும்பை, "ஏம்மா, உன்னுது இங்க கெடக்குது பார்" என்று கூப்பிட்டார். பத்திரம் எழுத வந்தவர்களை சரசு சுற்றிக்கொண்டு வரச் சொன்னாள்.

ஒருவழியாக டிஸ்க்கின் அடிப்பக்கம் காலியானது. செழியன் அதைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினான். நயினார் சொன்ன இடத்தில் படம் இருந்தது. அதில் பொன்னம்மா அவிழ்ந்த கூந்தலும் திறந்த வாயுமாக, கரண்டியோடு நின்றிருந்தாள். ஒரு விரல் கேமராவை நோக்கி நீண்டிருந்தது. வேறு எதையோ திறந்துவிட்டோம் என்று மூடப் போனான்.

"அதான்" என்றார் நயினார்.

"நல்ல படம்னு சொன்னீங்களே ஐயா. அம்மா திட்டிட்டிருக்காங்க."

"கடைக்கு அனுப்பினா. பாதி சாமானை மறந்துட்டு வந்தேன், திட்டினா. போன்ல எடுத்தேன். இன்னும் ஜாஸ்தியா திட்டினா." நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பெருசா போடச் சொல்லு. கூடத்துல எங்க உக்காந்தாலும் என்னப் பாக்கணும்."

சுருதி இதற்கு ஒத்துக்கொள்வாளா என்று சரசு மெதுவாகக் கேட்டாள்.

"மாட்டுற வரைக்கும்தான் பேசுவா. இந்த மூஞ்சிய எதுத்து எங்க வீட்ல யாரு பேசியிருக்காங்க?"

செழியன் படத்தை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டான். கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே, கடையில் சரிசெய்யச் சொல்லலாமா என்று கேட்க வாயெடுத்தான். திரையில் நீண்டிருந்த அந்த விரலைப் பார்த்தான். கேட்காமலே பைக்கை எடுத்தான்.