துபாஷியின் ஜாமீன் ஆட்கள்

சீனாவின் ஹாங்கோ துறையில் தேயிலைக் கப்பல் புறப்படும் அவசரம். பெட்டி அடுக்கு சரிந்து கூலிக்காரன் பாங்கின் தம்பி அடியில் நசுங்கினான். வாயில் ரத்தம் குமிழியிட்டது. வெள்ளைக்காரக் கும்பினிக்கு ஆள் பிடித்துத் தரும் துபாஷி தாங், "ஓரமா இழுத்துப் போடு. ஏத்துறது நிக்கக் கூடாது" என்றார். தம்பி ஓரத்திலேயே செத்தான்.

மறுநாள் காலை பாங் சுமைக்கம்போடு தேயிலைக் கிட்டங்கிக்கு வந்தான். கம்பின் முனையைக் கூராகச் சீவியிருந்தான்.

கங்காணி கே வழியை மறித்தான். "எங்கடா கிளம்பிட்ட?"

"மாடிக்கு. அந்தக் கான்டன்காரன் தாங்கோட குடலை உருவ."

"உருவிட்டு?"

"என் தலை போகட்டும்."

"உன் மொட்டைத் தலை யாருக்குடா வேணும்? எங்க சோறுல்ல போவும்!"

அது பொய்யில்லை. வெள்ளைக்காரனுக்குக் கூலிகளில் ஒருவன் முகமும் தெரியாது, தாங்கைத்தான் தெரியும். கிட்டங்கியில் ஓர் ஆணி காணாமல் போனாலும் தாங் பொறுப்பு. அதனால் அவர் ஜாமீன் நின்ற ஆள் மட்டுமே உள்ளே நுழையலாம். அவர் போனால் புதுத் துபாஷி தன் ஊர்க்காரர்களைக் கூட்டி வருவார். போன துபாஷியின் ஆட்கள் இன்றும் படித்துறையில் பிச்சை எடுக்கிறார்கள்.

"தள்ளுண்ணே. செத்தது உன் தம்பின்னா சும்மா இருப்பியா?"

கே வழியை விடவில்லை. பாங் அவனைத் தோளால் இடித்துவிட்டுப் படியில் கால் வைத்தான்.

முதல் அடி கே அடித்ததுதான். முழங்காலுக்குப் பின்னால் கம்பு இறங்க, பாங் குப்புற விழுந்தான். பிறகு கூலிகள் எல்லாரும் பாய்ந்தார்கள். அவன் தம்பியின் பிணத்தைத் தூக்கிய நால்வரும் அதில் இருந்தார்கள். பாங் ஒருவன் காதைக் கடித்துத் துப்பினான். பாங்கின் வலது கை மடங்காத பக்கம் மடங்கியது.

"அடப் பாவிகளா, நீங்களாடா!"

"கையோட விடுங்கடா, உசிரு வேணாம்!" என்று கே கத்துவதற்குள் யாரோ மண்டையில் போட்டுவிட்டான்.

மாடியிலிருந்து தாங் எட்டிப் பார்த்தார். "என்னடா கூச்சல்?"

"திருட வந்தான், எசமான்" என்றான் கே.

ரத்தத்தில் முகம் அடையாளம் தெரியவில்லை. "நான் ஜாமீன் நின்ன ஆளா?"

தன் ஆள் என்று தெரிந்தால் தாங் கூட்டத்தையே விரட்டிவிடுவார். கே குனிந்து, பாங்கின் இடுப்பில் தொங்கிய கும்பினி அடையாள வில்லையை அறுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தான்.

"இல்லீங்க. யாரோ வெளியாளு."

பாங்குக்கு இன்னும் மூச்சு இருந்தது. கே சொன்னது அவன் காதில் விழுந்தது.