பெயரில்லாத கைக்கடிகாரத்துக்கு ஒரு காப்பீடு

மலைப் பள்ளத்தாக்கு ஊரான லு சாந்தியேயின் அஞ்சலகத்தில் இரண்டாம் கவுன்ட்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் ஜோசெட் மெய்லான். எந்தப் படிவம் வந்தாலும் கடைசி வரி வரை படிக்காமல் முத்திரை குத்தமாட்டாள். அப்படிப்பட்டவள் தன் சொந்த வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை மட்டும் பதினேழு வருஷமாகப் பிரித்தே பார்த்ததில்லை. டிசம்பரில் ஒரு வியாழக்கிழமைதான் அதற்கு வேளை வந்தது. பக்கத்து ஊரான லு பிராசுவில் ஒரு பல் மருத்துவர் வீட்டுக்குள் புகுந்து பதினோரு கைக்கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் அதே பேச்சு.

சாப்பாடு முடிந்ததும் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

“எட்கர், இதைக் கேளு. நகை, வாட்ச் எல்லாம் சேர்த்துத்தான் ஒரு வரம்பாம். வீட்டுக்கு வெளியில திருடு போனா ரெண்டாயிரம் பிராங்க். அவ்வளவுதான்.”

கணவன் எட்கர் சூடான வஷ்ரென் பாலாடைக்கட்டியின் கடைசி வழுக்கலை உருளைக்கிழங்கால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு? உன் அத்தை குடுத்த சுவர்க்கடிகாரத்தை எடுத்துட்டுப் போனா நானே கதவைத் திறந்து விடுவேன்.”

“விளையாடாதே. உன் கையில இருக்கே, அதைச் சொல்றேன்.”

எட்கர் தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

அந்தக் கைக்கடிகாரத்தை அவனே செய்திருந்தான். பகலெல்லாம் கடிகாரத் தொழிற்சாலையில் எஃகுத் துண்டுகளின் விளிம்புகளைச் சரித்து மினுக்கும் வேலை. சாயங்காலம் மாடி அறையில் தனக்கென்று ஒரு மேஜை. ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அவனே வெட்டினான். மேய்ச்சல் மேட்டில் மஞ்சள் பூப் பூக்கும் ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டைச் சீவி, அதில் மெருகுப் பசை தடவி, மயிரிழை அகலம்கூட இல்லாத விளிம்புகளைக் கண்ணாடி போலத் தேய்த்தான். பின்பக்கம் திருப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்தால் ஒவ்வொரு விளிம்பும் முறை வைத்து எரிந்து அணையும். எத்தனை முறை பார்த்தும் ஜோசெட்டுக்கு அது அலுத்ததில்லை. முகப்பில் நிறுவனப் பெயர் இல்லை, அவன் பெயரும் இல்லை. “எனக்குத்தான் தெரியுமே, யார் செஞ்சதுன்னு” என்பான்.

அதற்கென்று தனியாகக் காப்பீடு எடுக்க ஜோசெட் ஆள் தேடினாள். முதலில் வந்தவர் பவோ. அந்தக் குடும்பத்தின் பழைய காப்பீட்டு முகவர், எட்கரின் பள்ளித்தோழர்களில் ஒருவர். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கோப்பை வெள்ளை ஒயின் கையில் ஏறியது.

“பில் இருக்கா எட்கர்?”

“பில்லா? யாரு போடுவா? எனக்கு நானே போட்டுக்கணுமா?”

“என்ன கம்பெனின்னாவது எழுதணுமே. கம்பெனியும் இல்லை, பில்லும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. நான் என்னத்தை எழுதுறது? எஃகு வாட்ச் ஒண்ணு, எண்ணூறு பிராங்க். அதுக்கு மேல போட்டா மேலிடத்துல என்னைத் தூக்கி வெளியில போட்டுடுவாங்க.”

“எண்ணூறா!” ஜோசெட் ஒயின் பாட்டிலை அவர் கைக்கெட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். “ஒன்பது வருஷம், பவோ. வருஷத்துக்கு நூறு பிராங்க் கூட இல்லை. உன் நாய்க்கு எவ்வளவு இன்சூரன்ஸ் போட்டிருக்கே?”

“நாய்க்கு வம்சப் பத்திரம் இருக்கு ஜோசெட்,” என்றார் பவோ பாவமாக. எட்கர் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது ஜெனீவாவில் ஒரு பெரிய நிறுவனம். தொலைபேசியில் பேசிய மனிதரின் குரல் பட்டுப் போலிருந்தது. விலை எவ்வளவானாலும் எடுத்துக்கொள்வோம் என்றார். ஜோசெட்டுக்கு அந்தத் தாராளம் பிடிக்கவில்லை. நிபந்தனைகளை அனுப்பச் சொன்னாள். வந்தது முப்பத்தொரு பக்கம். இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் அகப்பட்டது: குறிப்பிட்ட எடைக்குக் குறையாத இரும்புப்பெட்டி வேண்டும், கைக்கடிகாரம் அதற்குள் பூட்டியிருக்கும் நேரத்துக்கு மட்டுமே காப்பீடு.

“அப்போ மணி பார்க்க வெளியில எடுத்தா இன்சூரன்ஸ் நின்னுடுமா?” என்றான் எட்கர். “பேசாம பெட்டிக்குள்ள நான் போய் உட்கார்ந்துக்கறேன்.”

“எனக்கும் நிம்மதியா இருக்கும்,” என்று முப்பத்தொரு பக்கத்தையும் அடுப்பு பற்றவைக்கும் காகிதக் கூடையில் போட்டாள் ஜோசெட்.

மூன்றாவதாக வந்தவள் செவெரின் ஒபேர். இவெர்தோனில் இருக்கும் சிறிய பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் ஒன்றின் முகவர். நாற்பது வயதிருக்கும். பனியில் ரயில் தாமதமாகி, காலணியெல்லாம் ஈரமாகி வந்து சேர்ந்தாள். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு சமையலறைக்குள் வந்தாள். பையிலிருந்து படிவம் எதையும் எடுக்கவில்லை.

“முதல்ல அதைப் பார்க்கலாமா?”

எட்கர் கழற்றிக் கொடுத்தான். கூடவே தன் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் கொடுத்தான். அவள் சன்னலோரம் போய் நின்றாள். அடுப்பில் வைத்த காபி பொங்கி அடங்கியது. அவள் திரும்பவில்லை. ஜோசெட் கணவனைப் பார்த்தாள். அவன் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு வாட்ச் பத்தி ஒண்ணும் தெரியாது சார்,” என்றாள் செவெரின் கடைசியில். “ஆனா இந்த மூலை இருக்கே, ரெண்டு சரிவும் உள்பக்கமா வந்து சேருற இடம். இதை மெஷின்ல செய்ய முடியுமா?”

எட்கர் நிமிர்ந்தான். “முடியாது. உருண்டையாத்தான் வரும். அதை இப்படிக் கூரா எடுக்கக் கைதான் வேணும்.”

“அதைத்தான் நினைச்சேன்,” என்றாள் அவள். காபி ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். விலையை இப்போதே பேசிப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். தொலைந்த பிறகு பேசினால் அது எப்போதும் குறைந்துதான் போகும். அதற்கு வெளியாள் ஒருவரின் மதிப்பீடு தேவை, எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைக்க வேண்டும். கையில் கட்டியிருந்தாலும், கழற்றி வைத்திருந்தாலும், கீழே விழுந்து உடைந்தாலும், எங்கேயோ மறந்து விட்டாலும் செல்ல வேண்டும். ஜோசெட் கேள்விமேல் கேள்வி கேட்டாள். ஏரியில் விழுந்தால்? எண்ணெய் மாற்ற உள்பாகங்களைப் பிரித்து வைத்திருக்கும்போது திருடு போனால்? பாதி உடைந்து பாதி பிழைத்தால்? செவெரின் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும், “தெரியலை மேடம், கேட்டு எழுத்துல அனுப்புறேன்” என்றாள். இருபத்தாறு வருஷக் கவுன்ட்டர் அனுபவத்தில், தெரியலை என்று சொன்ன முகவரை ஜோசெட் அன்றுதான் பார்த்தாள்.

எழுந்திருக்கும்போது செவெரின் எட்கரைக் கேட்டாள். “நாளைக்கே இது காணாமப் போச்சுன்னு வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“பணத்தை வெச்சு என்ன பண்றது? கையிலயா கட்டிக்க முடியும்? உட்கார்ந்து இன்னொண்ணு செய்வேன்.”

“எதை வெச்சு?”

அவன் மாடியைக் காட்டினான். மூன்று பேரும் ஏறினார்கள். குட்டிக் கடைசல் இயந்திரம், பல்சக்கரம் வெட்ட அவன் தாத்தா காலத்துக் கருவி ஒன்று, அவனே அடித்துச் செய்த எழுபது எண்பது சின்னக் கருவிகள். அலமாரியில் நான்கு நோட்டுகள். ஒவ்வொரு பாகத்தின் அளவும் படமும் அதில் பென்சிலில். வேறு நகல் கிடையாது.

“இதுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?”

ஜோசெட்டுக்குச் சுருக்கென்றது. ஒன்றுமே போடவில்லை. கைக்கடிகாரம், கைக்கடிகாரம் என்று ஒரு மாதமாக அலைந்தவளுக்கு அந்த அறை நினைவுக்கே வரவில்லை.

“நோட்டை எல்லாம் படம் எடுத்து ஒரு பிரதியை வேற வீட்டுல வைங்க. அதுக்குக் காசு வேண்டாம்,” என்றாள் செவெரின். “கருவிங்களுக்கு எங்க பாலிசி எடுக்காதீங்க. வயசைக் கழிச்சுட்டுத்தான் எங்க ஆளுங்க குடுப்பாங்க. இதெல்லாம் வயசானது, கையில கிள்ளித்தான் வைப்பாங்க. உங்க பழைய கம்பெனிக்காரங்க புதுசு வாங்குற விலையையே குடுப்பாங்க. அதுக்கு மட்டும் அவங்ககிட்டயே போங்க.”

“உங்களுக்குக் கமிஷன் போயிடுமே?”

“போகட்டும் மேடம். வாட்சுக்கு வாங்கிக்கறேன்ல.”

அவள் ரயிலுக்குப் போன பிறகு, “இந்தப் பொண்ணுகிட்ட நான் என் பல்லைக்கூட இன்சூர் பண்ணுவேன்” என்றான் எட்கர். ஜோசெட் கணவன் பக்கம் திரும்பவில்லை. பனியில் குனிந்து நடந்து போகிற அந்த உருவத்தையே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிப்பீட்டுக்கு லு லோக்லுக்குப் போனார்கள். அங்கே ஏல நிறுவனங்களுக்கு மதிப்பீடு செய்து தரும் யூக்னான் என்ற அம்மாள் இருந்தார். கைக்கடிகாரத்தை இரண்டு நாள் தன்னிடம் வைத்துக்கொண்டார். திருப்பித் தரும்போது, “இதைச் செஞ்சவர் யாரு?” என்று கேட்டார். ஜோசெட் கணவனைக் காட்டினாள். அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, எட்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாளில் நாற்பத்தாறாயிரம் பிராங்க் என்று எழுதியிருந்தது. திரும்பும் வழி நெடுக எட்கரின் காதுகள் சிவந்தே இருந்தன. ஒரு கேலி கூட அவன் வாயிலிருந்து வரவில்லை. அந்த வாரமே கைக்கடிகாரத்துக்குச் செவெரினிடமும் கருவிகளுக்குப் பவோவிடமும் பத்திரம் எழுதியாயிற்று.

அடுத்த பிப்ரவரியில் ஏரி முழுக்க உறைந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அதன்மேல் சறுக்கி விளையாடக் கிளம்பினார்கள். சறுக்குக் காலணி போட்டால் எட்கரால் விழாமல் வர முடியாது. அதனால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் படுக்கையறை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனான். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பின்கதவு நெம்பித் திறந்து கிடந்தது. இழுப்பறை தரையில். மாடியில் கருவிப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே தங்கம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல. நோட்டுகளைப் பிரித்து எறிந்திருந்தார்கள். ஒரு தாளும் குறையவில்லை.

எட்கர் படிக்கட்டில் கோட்டோடு உட்கார்ந்துவிட்டான். போலீஸ் வந்து போன பிறகும் அங்கேயே இருந்தான். ஜோசெட் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரம் கட்டிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே செவெரின் வந்துவிட்டாள். முதலில் துடைப்பம் கேட்டு வாங்கிக் கதவருகே சிதறிய கண்ணாடியைக் கூட்டினாள். அப்புறம்தான் பையைத் திறந்தாள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னாள். அவளுடைய தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர், பெயர் இல்லாத கைக்கடிகாரத்துக்கு இவ்வளவா என்று இழுத்தாராம். “நாலாம் பக்கத்தைப் படிங்க, தொகை பேசி எழுதினது, கீழே உங்க கையெழுத்தும் இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவர் மறுக்கலை.” மூன்றாம் வாரத்தில் முழுத் தொகையும் வந்தது. கருவிகளுக்குப் பவோவே நேரில் வந்து காசோலையை நீட்டினார். அதிலும் ஒரு பிராங்க் குறையவில்லை. ஜோசெட் அவருக்குப் பாட்டிலை முழுசாகவே முன்னால் வைத்தாள்.

பணம் வந்த பிறகும் பத்து நாள் எட்கர் மாடிப்பக்கம் போகவில்லை. தொழிற்சாலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். ஜோசெட் அவனை மேலே போ என்று சொல்லவில்லை. நோட்டுகளை வரிசைப்படுத்தி அலமாரியில் வைத்தாள், அவ்வளவுதான். பதினோராம் நாள் சாயங்காலம் மேலே மரத்தை அறுக்கும் சத்தம் கேட்டது. அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். புது மேஜைக்குக் கால் செய்துகொண்டிருந்தான்.

கருவிகளைத் திரும்பச் செய்யவே ஒரு வருஷம் ஆயிற்று. வாங்கக் கிடைத்ததை வாங்கினான், கிடைக்காததை அடித்தான். தொழிற்சாலை நண்பர்கள் ஆளுக்கொரு சிறு கருவி கொண்டு வந்து கொடுத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பகலும் அவனுக்குக் கிடைத்தது. நாலரை வருஷத்தில் இரண்டாவது கைக்கடிகாரம் முடிந்தது. முதலாவதைவிட மெல்லியது, சிறியது. அளவு ஏன் குறைந்தது என்று ஜோசெட்டுக்கு விளங்கவில்லை. அவன் அதை அவள் மணிக்கட்டில் கட்டிப் பார்த்து, வார்த் துளையை ஒன்று தள்ளி மாட்டிய பிறகுதான் விளங்கியது.

“எனக்கா?”

“பின்னே? நான் ஒண்ணைப் பத்திரமா வெச்சிருந்த லட்சணத்தைத்தான் ஊரே பார்த்துச்சே.”

அவள் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். விளிம்புகள் எரிந்தன, அணைந்தன. அறுபத்தாறு வயதில் அவன் விரல் கொஞ்சமாவது நடுங்கியிருக்கும் என்று அவள் தேடினாள். எங்கேயும் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்த்துவிடக் கூடாதென்று மேஜை விளக்கைத் திருப்பி வைத்தாள்.

செவெரின் மறுவாரம் வந்தாள். இந்த முறை படிவத்தோடு வந்தாள். யூக்னான் அம்மாளின் தாளை இணைத்தாள், படங்களை எண்ணி வைத்தாள், ஜோசெட் ஒவ்வொரு வரியையும் படித்து முடிக்கும்வரை அவசரமில்லாமல் காத்திருந்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் ஜோசெட் மெய்லான் என்று எழுதினாள்.

“தினமும் கட்டிப்பீங்களா மேடம், இல்லை பெட்டியிலயா?”

“தினமும்,” என்றாள் ஜோசெட். “ரொட்டி பிசையும்போது மட்டும் கழற்றி வைப்பேன். அதையும் எழுதிக்கோங்க.”

செவெரின் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.