தலை தட்டிய அளவு

தலை தட்டி அளப்பவர்களைக் கண்டாலே பவித்ரனுக்கு ஆகாது. அவன் வீட்டில் அரிசியோ சர்க்கரையோ, படியில் குவிந்து வழிய வேண்டும். விரலால் வழித்துவிட்டால் கஞ்சக் குடும்பம் என்று பேர் வந்துவிடுமாம். வீண் ஜம்பம்தான், ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது சுலபத்தில் விடாது.

மலேசியாவில், ஈப்போ நகருக்கு வெளியே, ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட தோட்டத்தின் ஓரத்தில் அவர்களுடைய துப்பாக்கிச் சங்கம் இருந்தது. அங்கே லைசென்ஸ் உள்ள ஒரு பழைய துப்பாக்கி. குழல் வாய்வழியே வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கெட்டித்து, கல் உரசும் நெருப்பில் சுட வேண்டும். காம்பார் ஊரில் நடக்கும் போட்டிக்கு அதை எடுத்துப்போக ஒருவருக்குத்தான் இடம். பவித்ரனும் அவன் மனைவி புனிதாவின் அண்ணன் ஜெயபாலனும் கடைசியில் மிஞ்சினார்கள். இருவருக்கும் அந்த இடத்தின் மேல் உயிர்.

ஆளுக்கு இரண்டு வெடி, அதில் சிறந்த ஒன்றுதான் கணக்கு. தாளில் வரைந்த வட்டத்துக்குள் யாருடைய ரவை அதிகம் விழுகிறதோ அவர் போவார். சுடுபவர் மருந்தைத் தொடக்கூடாது, மற்றவர்தான் கிண்ணத்தில் அளந்து தர வேண்டும். அந்தக் கிழட்டுக் குழலுக்கு எவ்வளவு ஒத்துப்போகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஜெயபாலன் விரலால் வழித்துத்தான் மருந்து கொடுத்தான்.

"என்னா மச்சான், இவ்ளோ கெடெக்குட்டா இருக்கே? கஞ்சப்பயலா நீ?" என்றான் பவித்ரன்.

ஜெயபாலன் சிரித்தான். பவித்ரன் இரண்டு வெடியும் சுட்டான். வட்டம் நிறைய ரவை.

ஜெயபாலனின் முறை வந்ததும் பவித்ரன் மருந்தைக் குவித்துக் கொடுத்தான். மச்சானுக்குக் குறைத்துக் கொடுப்பதாவது! துப்பாக்கி முழங்கியது. தாளைக் கொண்டுவந்தபோது ரவையெல்லாம் ஓரத்தில் சிதறிக் கிடந்தது, நடு வெறுமையாக இருந்தது.

"கையி சரியில்ல லா," என்று ஜெயபாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

பவித்ரன் தன் தாள்களையும் மச்சானின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே துப்பாக்கி, ஒரே ரவை. மருந்து மட்டும்தான் வேறு. மிஞ்சிய மருந்து ரவையை விரட்டியடித்திருக்கிறது. கெடுத்தது மச்சானின் கையல்ல, தன் தாராளம். இப்படியே இன்னொரு முறை குவித்துக் கொடுத்தால் காம்பார் போகும் இடம் தனக்குத்தான். யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். அந்த நினைப்பு இனித்தது, இனித்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசி வெடிக்குக் கிண்ணத்தை நிரப்பினான். குவிந்ததை விரலால் வழித்தான்.

ஜெயபாலனின் முகம் சுருங்கியது.

"நீ ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சதும் எனக்கு அளந்து ஊத்துறியா மச்சான்?"

பவித்ரனுக்குச் சுரீரென்றது. கிண்ணத்தை நீட்டினான்.

வெடி முழங்கியது. தாள் வந்தது. பவித்ரனின் தாள்களைவிட வட்டம் அடர்ந்திருந்தது.

ஜெயபாலன் தாளைப் பார்த்தான், பிறகு மருந்துக் கரி ஒட்டிய பவித்ரனின் விரலைப் பார்த்தான்.

"காம்பாருக்கு நீதான் வந்து அளந்து குடுக்கணும்," என்றான்.

பவித்ரன் தலையாட்டினான். இடம் போனது வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது.