பத்து விரலிலும் கட்டு

என் புருஷன் வெண்டெல் புதிதாகச் சாய்வு நாற்காலி வாங்கினாலும் வாங்கினார், எங்கள் பூனை பிக்கிளுக்குக் கெட்ட காலம் பிறந்தது. நாற்காலியின் தோலை அது பிறாண்டிவிட்டதாம். அதன் நகங்களை அடியோடு எடுக்க வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

"நகம் எடுக்கறதுக்கா இந்தக் குதி குதிக்கிற? எங்கம்மா வீட்டுப் பூனைங்க எல்லாத்துக்கும் செஞ்சதுதான்!"

"நகமா? விரல் நுனிக் கணுவையே வெட்டி எடுப்பாங்கய்யா! டாக்டரம்மாவே சொன்னாங்க."

"எடுத்தா என்ன? அது பியானோவா வாசிக்கப் போகுது?"

எனக்கு வந்ததே கோபம்! பந்தயம் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் முடியும்வரை அவர் தன் பத்து விரல் நுனியிலும் கட்டுப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தாக்குப்பிடித்தால் பூனையை நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன். முடியாவிட்டால் பிக்கிள் தப்பும்.

"இவ்ளோதானா?" என்று கையை நீட்டினார்.

ஞாயிறன்று ஆட்டம் பார்க்கப் பக்கத்து வீட்டு வெர்னன் பொரித்த கோழி இறக்கையும் பீரும் கொண்டுவந்தார். பீர் டப்பாவை வெண்டெல் பல்லால் திறந்தார். கோழியை உள்ளங்கைகளுக்கு நடுவில் அமுக்கிக் கடித்தார். ரிமோட்டை மூக்கால் அழுத்தினார். மனுஷனுக்கு அவ்வளவு வீம்பு! ஆட்டம் முடியப்போகும் நேரம்வரை கட்டை அவிழ்க்கவே இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு முதுகு அரித்தது.

நெளிந்தார். கட்டுப் போட்ட கையைப் பின்னால் விட்டுத் தேய்த்தார். அரிப்பு அடங்கவில்லை.

"டார்லீன், கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

"பூனைக்கு யாரு சொறிஞ்சு விடுவா?"

"வெர்னன், நீயாவது..."

"உங்க குடும்பச் சண்டைல என்னை இழுக்காதப்பா," என்ற வெர்னன் இன்னொரு இறக்கையை எடுத்துக்கொண்டார்.

வெண்டெல் எழுந்து போய்க் கதவு நிலையில் முதுகை மேலும் கீழும் தேய்த்தார். அந்த நேரம் பார்த்து ஆட்டம் முடிந்து எங்கள் அணி ஜெயித்தது, பந்தயத்தில் அவரும்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலியான நாற்காலியில் பிக்கிள் ஏறி, உடம்பை நீட்டி நெளித்து, கைப்பிடியைப் பரக் பரக்கென்று பிறாண்டியது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"என்னா சொகம் பாரு, கழுதைக்கு!" என்றார். "ஃபோனை எடு. வியாழக்கிழமை வரலன்னு சொல்லிடறேன்."

டாக்டர் நம்பரை நான்தான் அழுத்தி, அவர் காதில் வைத்தேன். ஞாயிறு என்பதால் பதிவுக் குரல்தான் வந்தது. அதனிடம் போய், "பூனைக்கு விரல் வேணுமாம்," என்றார்.