கறார் சோதிக்காத டப்பா

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. எடைக்கல் பெட்டியோடு அவர் தெருமுனையில் தெரிந்தாலே "கறார் வந்துட்டாரு" என்று கடைக்குக் கடை சேதி பறந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் பதினோரு நாளாக இரத்த அழுத்த மாத்திரையைத் தொடவில்லை என்பதை, அலமாரியில் பிரிக்காமல் கிடந்த அட்டை மனைவிக்குக் காட்டிக்கொடுத்தது. பக்கத்தில் ஒரு பச்சைப் பொடி டப்பா.

போன வருடம் அவருடைய அண்ணனும் இப்படித்தான் மாத்திரையை நிறுத்தினார். இன்றுவரை வலது கை விளங்கவில்லை.

கேட்டதற்குக் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். அந்தப் பொடியால் நாலாயிரம் பேருக்குக் குணமாகியிருக்கிறதாம். தனக்கும் உடம்பு காற்றுபோல லேசாக இருக்கிறதாம். அவள் வாதாடவில்லை. வீட்டிலிருந்த இரத்த அழுத்த மிஷினின் பட்டையை அவர் கையில் சுற்றினாள். நூற்றெழுபத்தெட்டு.

"மிஷின் பொய் சொல்லுது," என்றார்.

"அப்ப சரிபாத்துடலாம், வாங்க."

தொழில் புத்தி விடுமா? மிஷினையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மருத்துவமனையில் நர்ஸைக் கெஞ்சி, அவர்கள் கருவியிலும் இதிலும் மாற்றி மாற்றி மும்முறை அளக்கவைத்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு புள்ளிதான் வித்தியாசம். மாத்திரையை இன்றே தொடங்கச் சொல்லிக் கடிந்துகொண்டார் டாக்டர்.

திரும்பும் வழியில் அவள் மெதுவாகக் கேட்டாள். "கடைக்காரன் தன் தராசு சரின்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"அவன் சொன்னா ஆச்சா? நம்ம கல்லை வச்சுப் பாக்கணும்."

"அந்த வீடியோல பேசுறது யாரு?"

"பொடி விக்கிறவருதான்," என்றார்.

"குணமாகாதவங்க எத்தனை பேருன்னு அதுல சொன்னாங்களா? உண்மையைச் சொன்ன மிஷினை மூணு தடவை சோதிச்சீங்க. பொடியை ஒரு தடவையாவது சோதிச்சீங்களா, கறாரு?"

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "இத்தனை வருஷமா நான் ஊரையே புடிச்சேன். ஒரு டப்பா என்னைப் புடிச்சிருச்சு பாரு."

மறுநாள் காலை அவள் அலமாரியைத் திறந்தாள். மிஷின்மேல் ஒரு துண்டுச்சீட்டு: 'சரிபார்க்கப்பட்டது', தேதி, கையெழுத்து. டப்பாமேல் இன்னொன்று: 'சரிபார்க்கப்படவில்லை. பயன்படுத்தத் தடை.' மாத்திரை அட்டையில் சீட்டு எதுவும் இல்லை. இரண்டு குழிகள் மட்டும் காலியாக இருந்தன.