வானொலி வகுப்புக்கு ஒரு பிளெக்ஸ்

மர்வாவுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது. பூந்தமல்லியில் அவள் வீடு மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. கீழே அப்பா அன்வர் பாஷாவின் பாத்திரக் கடை, மேலே இரண்டு அறைகளில் ஆறு பேர். பஸ் ஹாரன் ஓய்ந்தால் குக்கர் விசில், குக்கர் ஓய்ந்தால் தம்பி ஃபஹீமின் கிரிக்கெட் வர்ணனை. அமைதி என்ற ஒன்றை அந்தப் பெண் நேரில் சந்தித்ததே இல்லை.

போன வருடம் கல்லூரியின் ஒலிப்பதிவு அறையைப் பார்க்க எல்லாரையும் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். கனமான கதவு மூடியது. மர்வாவுக்குத் தன் மூச்சு தனக்கே கேட்டது. உமிழ்நீர் விழுங்குவதுகூடக் கேட்டது. வெளியே வந்ததும் அவள் தோழி மைதிலியிடம், "நான் இங்கயே குடியிருந்துடுவேன்டி" என்றாள்.

ஆனால் அந்த அறைக்குள் நுழைய ஒரே வழிதான் இருந்தது. விஸ்காம் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அடுத்த செமஸ்டருக்கு ஒரு விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரம், புகைப்படம், நிகழ்ச்சி மேலாண்மை, வானொலி. இவற்றில் வானொலியை எடுப்பவர்களுக்குத்தான் அந்த அறை. பதினைந்து பேர் சேராத பாடத்தை நீக்கிவிடுவார்கள். அதில் சேர்ந்தவர்களை ஆள் அதிகமுள்ள வேறு பாடத்தில் தள்ளிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலைதான் கெடு.

எந்தப் பாடத்தில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். மற்றவை எல்லாம் ஆட்டோ மீட்டர் போல ஏறிக்கொண்டிருந்தன. வானொலி மட்டும் நான்கிலேயே நின்றது. மர்வா, மைதிலி, அப்புறம் கை தவறி அழுத்திய இரண்டு பேர்.

காரணம் லோகநாயகி மேடம். வானொலி வகுப்பு அவருடையது. இரண்டு நிமிடம் தாமதமாகப் போனால், அன்றைக்கு நீங்கள் பிறக்கவே இல்லை என்பது போல நடத்துவார்.

"அருள் வந்தா கிளாஸே வரும்" என்றாள் மைதிலி.

அது நிஜம். கள்ளிக்குப்பத்துப் பையன் அருள் கேண்டீனுக்குப் போனால் பாதி வகுப்பு கேண்டீனுக்குப் போகும். அவன் கட் அடித்தால் பாதி வகுப்பு கட் அடிக்கும். இப்போது அவன் நிகழ்ச்சி மேலாண்மையில் சேருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சித்தப்பா பந்தல் போடுகிறவர். பாதிப் பாடம் வீட்டிலேயே கிடைத்துவிடும் என்று கணக்கு. மைதிலி கேட்டுப் பார்த்தாள்.

"ரேடியோவா? எங்க தாத்தாவே இப்ப போன்லதான் பாட்டு கேட்டுகினு கீறாரு" என்று போய்விட்டான்.

மர்வா அன்று சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தன் தாய்மாமன் யூசுபின் பிளெக்ஸ் கடைக்குப் போனாள். கல்யாணம், கடை திறப்பு, காது குத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கேதான் அச்சாகும்.

"இன்னாம்மா, இன்னா விசேஷம்?"

"கிளாஸ் மாமா. ரேடியோ கிளாஸ்."

"கிளாஸுக்கு எவனாவது பிளெக்ஸ் வெப்பானா?"

"எவனும் வெக்கல. அதான் எவனும் சேரல."

யூசுப் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்குத் தொழிலில் சில சட்டங்கள் உண்டு. "மேல ஒரு பெரிய மூஞ்சி. கீழ சின்ன மூஞ்சிங்க வரிசையா. எல்லாரும் ஒரே சைஸ்ல நின்னா அது ஸ்கூல் குரூப் போட்டோ. பெரிய மூஞ்சி யாரு?"

"அருள்."

"அவன் சேந்துட்டானா?"

"பிளெக்ஸ பாத்துட்டு சேருவான்."

மாமா மருமகளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அவள் அனுப்பிய கல்லூரிச் சுற்றுலாப் படங்களிலிருந்து முகங்களை வெட்டி எடுக்க ஆரம்பித்தார். அருளுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டார். தலையில் ஹெட்போன் மாட்டினார். பின்னால் ஓர் ஒலிபரப்புக் கோபுரம், அதன் பக்கத்தில் பாய்கிற புலி.

"புலி எதுக்கு மாமா?"

"புலி இல்லாம எப்டிம்மா?"

'வானொலி வகுப்பில் அடியெடுத்து வைக்கும் அலைவரிசை வேங்கை அருள் அவர்களை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்று எழுதினார்கள். கீழே அருளின் கூட்டாளிகள் தபால்தலை அளவில் மூன்று வரிசையாக நின்றார்கள். அடியில் யூசுபின் பெயரும் கைப்பேசி எண்ணும், மற்ற எல்லார் பெயரையும்விடப் பெரிதாக. அதுதான் அவர் கேட்ட கூலி.

சாலையில் வைத்தால் போலீஸ் கழற்றிவிடும். கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பார்வதத்தின் சொந்தச் சுவரைக் கேட்டார்கள்.

"வெச்சிக்கோங்க" என்றாள் பார்வதம். "ஆனா என் செவுத்துல என் மூஞ்சி எங்க?"

ஓரத்தில் 'வாழ்த்தும் உள்ளம்' என்று அவள் முகமும் ஏறியது.

மறுநாள் காலை அருள் பைக்கை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தான். டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர், "தம்பி, நீதான அது?" என்று கை கொடுத்தார். நேராக மர்வாவிடம் வந்தான்.

"யாரக் கேட்டு வெச்ச?"

"நானா? கீழ யார் பேரு கீதுன்னு பாரு."

"அந்தாளு உன் மாமாதான."

"புடிக்கலன்னா சொல்லு. இப்பவே இறக்கச் சொல்றேன்."

அருள் திரும்பிச் சுவரைப் பார்த்தான். "இறக்குன்னு நான் சொன்னனா? எங்கம்மா அத ஸ்டேட்டஸ்ல வெச்சிட்டாங்க. எங்க அத்த போன் பண்ணி ரேடியோல எப்ப வருவன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

"சேந்துட்டேன்னு சொல்லு."

மதியத்துக்குள் நான்கு பன்னிரண்டாகிவிட்டது. மைதிலிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சாயங்காலம் வெங்கட் வந்தான்.

திருவேற்காட்டு வெங்கட் அன்று காலை வரை அருளின் உயிர் நண்பன். பிளெக்ஸில் அவனை மூன்றாவது வரிசையில் நிற்க வைத்திருந்தார் யூசுப்.

"ஸ்கூல்லேந்து கூடச் சுத்தினவன் நான். என்னைக் கொண்டுபோய் மூணாவது லைன்ல வெச்சிகீற" என்று மர்வாவிடம் பொருமினான். "அதுகூடப் பரவால்ல. என் காதுல புலி வால் கீது, பாத்தியா?"

பார்த்தாள். உண்மைதான்.

வெங்கட் சேர மாட்டேன் என்றான். ஏற்கெனவே சேர்ந்தவர்களில் இரண்டு பேரைப் பெயரை எடுக்க வைத்தான். பன்னிரண்டு பத்தாக இறங்கியது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. மர்வா கைப்பேசியை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பத்து பத்தாகவே இருந்தது. நிகழ்ச்சி மேலாண்மை வகுப்பில் நாற்காலி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தன்னை அவளால் நன்றாகவே கற்பனை செய்ய முடிந்தது. மறுபடியும் மாமாவிடம் ஓடினாள்.

"அருள் மூஞ்சிய சின்னதாக்கிடலாமா மாமா?"

"அய்யய்யோ, ஒருக்கா பெருசான மூஞ்சியில கைய வெக்கக்கூடாது. வெங்கட்டுக்குத் தனியா ஒண்ணு. அதே சைஸ். டீக்கடைக்கு அந்தாண்ட செவுத்துல மாட்டு."

வெங்கட் படம் தர மாட்டேன் என்றான். பத்து நிமிடம் கழித்து மூன்று படங்கள் அனுப்பினான். கூடவே, 'ரெண்டாவதுல தலைமுடி நல்லா கீது' என்று ஒரு செய்தி. அருளுக்குப் புலி என்றால் வெங்கட்டுக்குக் கழுகு. வால் யார் காதிலும் படாமல் யூசுப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல் வகுப்பு முடியும் முன்பே எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டியது. மர்வா மைதிலியைக் கூட்டிப்போய் பட்டர் பன் வாங்கிக் கொடுத்தாள். கதை இங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எண்ணிக்கை நிற்கவில்லை.

எந்தச் சுவரிலும் முகம் வராதவர்கள் வரிசையாக வந்தார்கள். நாங்கள் மட்டும் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார்கள். "மூஞ்சி வேணாம் மர்வா, பேரு போடு, ஆனா பெருசா போடு" என்றாள் ஷர்மிளா. இருபது, இருபத்தைந்து, முப்பது. மர்வா டீக்கடைக்கு ஓடினாள்.

"அக்கா, போதும். இறக்கிடுங்க."

"இன்னாத்த இறக்கறது? என் மூஞ்சி கீது இல்ல அதுல" என்றாள் பார்வதம். "ரெண்டு நாளா வியாபாரம் எப்டி ஓடுது தெரியுமா?"

மாலையில் கணக்கு முடிந்தபோது நிகழ்ச்சி மேலாண்மையில் பதினைந்து பேர் தேறவில்லை. அதை நீக்கிவிட்டு, அதில் மிச்சமிருந்தவர்களை ஆள் அதிகமுள்ள வானொலிக்கே அனுப்பினார்கள். ஆக நாற்பத்தொரு பேர்.

பதினைந்து பேர் என்றால் மர்வாவுக்கு அந்த அறை வாரம் இரண்டு முறையாவது கிடைத்திருக்கும். நாற்பத்தொரு பேருக்குப் பங்கு வைத்தால் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. தன் கையாலேயே தன் அறையைச் சந்தையாக்கிக்கொண்ட பிள்ளையை என்னவென்று சொல்வது?

புது செமஸ்டரின் முதல் வகுப்பில் லோகநாயகி மேடம் அத்தனை பேரையும் ஒலிப்பதிவு அறைக்குள் நிற்க வைத்தார். தோளோடு தோள் இடித்தது.

"நீங்க எல்லாரும் எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். "எந்த நிகழ்ச்சி பண்ணாலும் முதல்ல அறையோட அமைதியைப் பதிவு பண்ணி வெச்சுக்கணும். எடிட் பண்ணும்போது அது தேவைப்படும். இன்னிக்கு வேலை அதுதான். சத்தம் போட்டவங்க வெளிய போகலாம். கடைசி வரைக்கும் சும்மா இருக்கறவங்களுக்கு இந்த மாசம் பூரா மதிய இடைவேளையில இந்த அறைச் சாவி."

மர்வாவின் முகம் மலர்ந்தது. இதற்காகவே பிறந்தவள் அல்லவா அவள். மேடம் ஹெட்போனையும் அவளிடமே கொடுத்து, பதிவைக் கவனிக்கச் சொன்னார்.

பதிவு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வெங்கட்டின் கைப்பேசி அதிர்ந்தது. அவன் போனான். ஒருவன் தும்மினான். அவனைப் பார்த்து நான்கு பேர் சிரித்தார்கள். ஐந்து பேரும் போனார்கள். ஷர்மிளாவின் வளையல் அவளை அனுப்பியது. மைதிலிக்கு விக்கல். கதவு திறந்து திறந்து மூடியதில் கடைசியாக மிஞ்சியவர்கள் அருளும் மர்வாவும்தான். அருள் தூண் போல நின்றான். மர்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் ஹெட்போனில் அது கேட்டது. முதலில் தூரத்து இடி போல. பிறகு மழையில் போகிற தண்ணீர் லாரி போல. கடைசியில் 'குய்ங்' என்று ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது. காலையில் சாப்பிடாமல் வந்த அருளின் வயிறு மைக்குக்கு நேராக நின்று பேசிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற மேடத்துக்கு அது கேட்கவே இல்லை. மர்வா உதட்டைக் கடித்தாள். துப்பட்டாவை வாயில் அடைத்தாள். வயிறு இன்னொரு வாக்கியம் பேசியது. அவள் வெடித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெளிய" என்றார் மேடம். "ஏன் சிரிச்ச?"

மர்வா தலையை மட்டும் ஆட்டினாள். சாவி அருளுக்குப் போனது.

வராந்தாவில் அருள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தான். "ஏம்மே சிரிச்ச? நீ தோத்துப்போவன்னு நான் நெனக்கவே இல்ல."

"உன் வயிறு பேசிச்சு."

"இன்னாது?"

"நல்லா தெளிவா. பதிவாயிருக்கு. நாளைக்கு கிளாஸ்ல இதான் போட்டுக் காட்டுவாங்க. நாப்பது பேரு கேப்பாங்க."

அருளின் விரலில் சாவி நின்றது. சுற்றும் முற்றும் பார்த்தான். "அழிச்சிடு."

"அந்த இடத்த மட்டும் வெட்டிடலாம். ஆனா அதுக்கு உள்ள போவணுமே. சாவி உன்கிட்டதான கீது."

"இந்தா." அவள் கையில் திணித்தான். "மாசம் பூரா நீயே வெச்சிக்கோ. மதியம் நான் கேண்டீன்லதான இருப்பேன். எனக்கு எதுக்கு அது? ஆனா வெட்டிடணும்."

"வெட்டிடறேன்."

அன்று மதியம் மர்வா தனியாக உள்ளே போனாள். கனமான கதவு மூடியது. சொன்னபடியே அந்த இடத்தை வெட்டி எடுத்தாள். எடுத்ததைத் தன் பென் டிரைவில் போட்டுக்கொண்டாள். பிறகு ஹெட்போனை மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் பென் டிரைவில் இருந்ததை இன்னொரு முறை ஓட விட்டாள். எவ்வளவு சத்தமாகச் சிரித்தாலும் வெளியே ஒரு ஆளுக்கும் கேட்கவில்லை.